விழுந்த நேரம்

வழுக்காமலிருக்கச் சாம்பல் தொட்ட கிரேஸின் விரல்கள், தறியில் முடியப்போகும் பழைய பாவின் நெடுக்கு இழை ஒன்றையும் புதுப் பாவின் இழை ஒன்றையும் சேர்த்து முறுக்கின. கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு. முடிச்சே இல்லாமல் இரண்டும் ஒன்றாயின. ஆனால் வேலை முன்னால் போகவில்லை, பின்னால் போய்க்கொண்டிருந்தது. நேற்றுப் பிணைத்த இழைகள் தொட்டதுமே பிரிந்து வந்தன.

நேற்றுப் பிணைத்தது கிரேஸின் தம்பி ஜெபகுமார். தாமல் கிராமத்தில் கூலிக்குப் போன குடும்பம் அவர்களுடையது. அக்காவும் தம்பியும் பெரிய காஞ்சிபுரத்துக்கு வந்து, பார்த்துப் பார்த்தே இந்த வேலையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரே பாவுக்கு ஆளுக்கொரு ஓரத்தில் உட்கார்ந்து நடுவில் வந்து சேருவார்கள். நேற்று அவளுக்குக் கூரம் ஊரில் வேறொரு தறியில் வேலை. அவன் தனியாக வந்திருந்தான்.

தறிக்கூடத்து முதலாளி வெங்கடேசன் காலையில்தான் போன் செய்திருந்தார். "ராத்திரி இங்கயே படுத்துட்டு விடியக்காலம் கிளம்பினான்மா. வண்டி சறுக்கிடுச்சு. சின்ன அடிதான், பொன்னிகூட ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டேன். பாவு பாதியில நிக்குது, வந்து முடிச்சுக் குடு."

பாவில் முதல் பாதி ஜெபகுமாரின் கைதான். ஓர் இடத்துக்கு மேல் அது அவன் கையே இல்லை.

"முதலாளி, இவன் எப்ப விழுந்தான்?"

"சொன்னேனேம்மா, காலையில."

"அப்ப நேத்து ஏன் இப்படிப் பிணைச்சிருக்கான்?"

"தூக்கக் கலக்கமா இருக்கும்."

"தூக்கம் வந்தா கை மெதுவாப் போவும். இவன் பக்கத்து இழைய விட்டுட்டு எட்ட இருக்குறத எடுத்திருக்கான். கண்ணுக்கு ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சிருக்குது."

அவர் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. பொன்னி, ஜெபகுமாரின் மனைவி. "அக்கா, அவரு கண்ணே தொறக்கல. புதுசா ஒரு மருந்து சோதிக்கிறாங்களாம், கையெழுத்து கேக்குறாங்க. நீங்களே டாக்டர்கிட்ட பேசுங்க."

கிரேஸ் ஸ்பீக்கரைப் போட்டாள். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அடிபட்டுச் சாகும் மூளைச் செல் ஒரு ரசாயனத்தைக் கொட்டும். அது பக்கத்துச் செல்லின் வாசலைத் திறந்துவிட, அதுவும் சாகும். இந்த மருந்து அந்த வாசலை அடைத்து வைக்கிறது. பலன் இன்னும் உறுதியாகவில்லை. விழுந்த சில மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். "காலையில விழுந்தார்னு சொல்லியிருக்காங்க. சரிதானே?"

ஆமாம் என்றால் மருந்து கிடைக்கும். கிரேஸின் வாய் வரை வந்துவிட்டது.

"நேரம் தப்பிப் போயிருந்தா?"

"அப்ப குடுக்கக் கூடாதும்மா. நாள் போகப் போக மூளை தேறுறதுக்கும் அதே வாசல்தான் வேணும். அந்த நேரத்துல அடைச்சா கெடுதல் ஆகலாம்."

கிரேஸ் போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினாள். "கேட்டுச்சா? இப்பவாவது சொல்லுங்க."

"நேத்து மத்தியானம்," என்றார் வெங்கடேசன், தரையைப் பார்த்து. "தறி மேல இருக்குற டிசைன் பெட்டிய சரி பண்ண ஏறினான், கால் இடறிடுச்சு. ரத்தமே வரலம்மா. சோடா குடுத்தேன், நல்லாத்தான் பேசினான். தொட்ட பாவ விளக்கு வைக்கிறதுக்குள்ள முடிக்கலன்னா தறிக்கு ஆகாது, உனக்கே தெரியும்."

"தறிக்கு ஆகாதுன்னு தலை உடைஞ்சவன உக்கார வச்சீங்க."

"அவனேதான் உக்காந்தான்."

"எழுந்து போடான்னு நீங்க சொல்லல. கூடத்துல விழுந்தான்னா கேள்வி வரும்னு வண்டி மேல பழியப் போட்டீங்க. உக்கார வச்சு ஒரு தரம் கெடுத்தது போதலையா, பொய் சொல்லி இன்னொரு தரமா? பேசுங்க. உங்க வாயால சொல்லுங்க."

போனை நீட்டினாள். அவர் பேசினார், மத்தியானம், உயரம், சோடா, ராத்திரி வாந்தி, எல்லாம். டாக்டரின் குரல் மாறியது. அந்த மருந்து இல்லை என்றாயிற்று. ஸ்கேனில் தெரிந்த ரத்தக் கட்டை எடுக்க உடனே ஆபரேஷனுக்குக் கொண்டுபோகிறார்கள், சாயங்காலம் வரை யாரும் பார்க்க முடியாது என்றாள் பொன்னி.

கிரேஸ் மறுபடியும் சாம்பலைத் தொட்டாள்.

"இருக்கட்டும்மா, வேற ஆள வச்சு முடிச்சுக்கறேன்."

"வேணாம். நாளைக்கு ஒரு இழை அறுந்தா அதுக்கும் அவன்தான் காரணம்னு சொல்லுவீங்க."

தம்பியின் இழைகளில் தவறியவற்றை எல்லாம் பிரித்துப் பிணைத்தாள். மிச்சத்தையும் முடித்தாள். மேலே உள்ளங்கையை ஓட்டிப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

"இழுத்துப் பாத்து வாங்கிக்குங்க," என்று பாவின் தலைப்பை வெங்கடேசனின் இரண்டு கைகளிலும் வைத்தாள்.