அம்மாவின் மேல் நான் போட்ட பழி

என் தங்கச்சியின் வாயை அடைத்தது நான். அந்தப் பழியைச் செத்துப்போன எங்கள் அம்மாவின் மேல் போட்டதும் நான்தான்.

இரண்டு வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. நேற்று நடந்ததைப் பார்த்த பிறகு யாரிடமாவது சொல்லியாக வேண்டும். உங்களுக்கு என்னைத் தெரியாது. அதனால்தான் உங்களிடம்... நான் ஏழாவதோடு நின்றவள். தப்பும் தவறுமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் பென்னாகரத்துக்குப் பக்கம். வீட்டுக்குள் கன்னடம், வெளியே தமிழ். அப்பா பெங்களூரில் கட்டட வேலை, பண்டிகைக்குத்தான் வருவார். தை பிறந்தால் மண்டியிலிருந்து புளி மூட்டை வரும். அம்மாவும் நானும் வாசலில் உட்கார்ந்து, சின்னச் சுத்தியால் தட்டிக் கொட்டை எடுத்துக் கொடுப்போம். தங்கச்சி பவித்ரா அப்போது இரண்டாவது படித்தாள். எங்கள் நடுவில்தான் உட்கார்ந்திருப்பாள்.

அம்மா தட்டிய புளியைக் கூடையில் போடும்போது கன்னடத்தில் "ஆறு" என்று சொல்லி நிறுத்துவாள். பவி "ஏளு" என்பாள். அம்மா "எண்ட்டு" என்பாள். பத்து வந்ததும் பவி ஒரு கொட்டையைத் தனியாக எடுத்து வைப்பாள். நாலு கொட்டை சேர்ந்தால் நாற்பது. நாள் போகப் போக அம்மா சொல்வது குறைந்தது. கடைசியில் அம்மா தலையை மட்டும் ஆட்டுவாள், பவி ஒருத்தியே நூறு வரைக்கும் சொல்லிக்கொண்டு போவாள்.

அம்மா பள்ளிக்கூடத்துக்கே போகாதவள். இது பாடம் என்று அவளும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

வீட்டுப்பாடக் கணக்குப் போடும்போதும் பவி அப்படியே முணுமுணுப்பாள். நோட்டில் எண் எழுதுவாள், வாயில் கன்னடம் ஓடும். விடை சரியாகத்தான் வரும்.

எனக்குத்தான் பயம்! ஏன் தெரியுமா? நான் நாலாவது படிக்கும்போது, டீச்சர் கேட்ட கேள்விக்கு எட்டு என்பதற்குப் பதிலாக "எண்ட்டு" என்று சொல்லிவிட்டேன். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து என் பெயரே எண்ட்டு. "எண்ட்டு வருதுடா, வழி விடு" என்பார்கள். ஏழாவதில் நான் நின்றதற்கு வீட்டில் ஆயிரம் காரணம் சொன்னேன். உண்மைக் காரணம் அதுதான்.

என் தங்கச்சிக்கு அது வரக் கூடாது... அவள் வாயில் கன்னடமே வரக் கூடாது என்று முடிவு செய்தேன். சொல்லிப் பார்த்தேன், மிரட்டிப் பார்த்தேன். அவள் வாய் தானாக ஓடியது. ஒருநாள் சாயங்காலம் கோபத்தில், கையில் இருந்த புளியங்கொட்டையை அவள் கன்னத்துக்குள் திணித்தேன். கணக்கு முடியும் வரைக்கும் அது கீழே விழக் கூடாது, விழுந்தால் அடி என்றேன்.

வாய் நின்றது. எனக்குச் சந்தோஷம்! நல்லது செய்துவிட்டேன் என்று நினைத்தேன்... நம்ப முடிகிறதா உங்களால்?

அம்மா ஒரு தடவை பார்த்துவிட்டாள். விரலை விட்டுக் கொட்டையை எடுத்தாள். என்னை அடிக்கவில்லை. அவள் கன்னடத்தில் கேட்டதை உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

"அவ வாயிலதான்டி யோசிக்கிறா. அதயும் மூடுனா எதுலடி யோசிப்பா?"

நீ பள்ளிக்கூட வாசலை மிதித்திருக்கிறாயா, உனக்கு என்ன தெரியும் என்று திருப்பிக் கேட்டேன். அம்மா சுத்தியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம் அவள் மண்டிக்குப் போகும் நேரம் பார்த்துப் பவி வாயில் கொட்டையை வைத்தேன்.

அந்த வைகாசியில் அம்மா போய்விட்டாள். நெஞ்சு வலிக்கிறது என்றாள். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது.

பள்ளிக்கூடம் திறந்து கொஞ்ச நாளில் பெற்றோர் கூட்டத்துக்கு அம்மாவின் இடத்தில் நான் போனேன். மூன்றாம் வகுப்பு டீச்சர் என்னைக் கூப்பிட்டு, பவியிடம் ஒரு கூட்டல் கணக்கைக் கொடுத்தார். பவி பென்சில் டப்பாவைத் திறந்தாள். ஒரு புளியங்கொட்டையை எடுத்துக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள், உட்கார்ந்துகொண்டே இருந்தாள்... நோட்டில் ஒரு கோடுகூட விழவில்லை.

தினமும் இப்படித்தான் என்றார் டீச்சர். குழந்தைகள் முதலில் வாய்விட்டுப் பேசித்தான் கற்றுக்கொள்வார்கள், கூட ஒருவர் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்க வேண்டும், அந்தப் பேச்சுத்தான் பிற்பாடு உள்ளே போய் யோசனையாக மாறும் என்று விளக்கினார். வீட்டில் எந்தப் பாஷை பேசினாலும் அதிலேயே சொல்லிப் பார்க்கட்டும், தடுக்காதீர்கள் என்றார்.

இதைத்தானே அம்மா ஒரே வரியில் சொன்னாள்!

"இந்தக் கொட்டை வைக்கிறத யாருங்க பழக்குனது?" என்று கேட்டார் டீச்சர்.

சுற்றிலும் ஐந்தாறு அம்மாக்கள். எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

"எங்கம்மாங்க டீச்சர். அவங்களுக்குப் படிப்பு வாசனையே இல்லீங்க."

யோசிக்கவே இல்லை, வாயில் வந்துவிட்டது. செத்தவர்களை யாரும் திட்ட மாட்டார்கள் என்று நினைத்தேனா? பின்னாலிருந்து யாரோ "பாவம், தெரியாம செஞ்சிருக்கும்" என்றார்கள். பவி என் பக்கத்தில் நின்று என்னை அண்ணாந்து பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. எப்படிப் பேசுவாள்... வாயில்தான் கொட்டை இருந்ததே!

அன்றைக்கே வீட்டில் இருந்த கொட்டையை எல்லாம் வாரி வெளியே கொட்டினேன். அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து "ஆறு" என்று சொல்லி நிறுத்தினேன். அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு என் கையையே பார்த்தாள். எத்தனையோ நாள் முயன்றேன். என் எதிரில் ஒரு எண்கூட அவள் வாயிலிருந்து வரவில்லை.

இப்போது ஐந்தாவது படிக்கிறாள். வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்து எப்படியோ ஒப்பேற்றுகிறாள்.

நேற்று மத்தியானம் பக்கத்து வீட்டுத் தர்ஷினியோடு டீச்சர் விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். தர்ஷினிக்கு நாலு வயது, அங்கன்வாடிக்குப் போகிற குழந்தை. மடியில் சிலேட்டு. கன்னம் உப்பியிருந்தது.

ஓடினேன். விரலை விட்டுத் தோண்டினேன். இரண்டு கொட்டை... எச்சிலோடு என் கையில் விழுந்தன. குழந்தை வீறிட்டு அழுதது. தொண்டையில் இறங்கியிருந்தால்?

பவி பதறவே இல்லை.

"ஏன்க்கா எடுக்கற? வாய் பேசுனா கணக்கு வராது. அம்மா எனக்கு அப்பிடித்தான சொல்லிக் குடுத்துச்சு."

"அம்மாவா?"

"ஆமா. புளி தட்டறப்ப. அம்மா கையெல்லாம் புளி வாசன அடிக்கும்க்கா."

அது என் கை!

அம்மா "ஆறு" என்று சொல்லி நிறுத்துவாளே, நீ "ஏளு" என்பாயே, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். அதெல்லாம் போய்விட்டது. நான் சொன்ன பொய் மட்டும் அம்மாவாக அவளுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன்... சொல்லவில்லை. அவளுக்கு இங்கே நான் ஒருத்திதான். கொட்டை வைத்ததும் நான்தான் என்று தெரிந்தால் அவள் யாரிடம் போவாள்? இல்லை, இதுவும் சாக்குதானா? உங்களுக்குத் தெரிந்தால்... வேண்டாம், சொல்லாதீர்கள்.

இதை எழுதும்போது பவி உள்ளே வீட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். நான் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டே எழுதுகிறேன்.

சத்தமே இல்லை.