வெற்றேட்டில் நான் எழுதிய பாட்டு

பழவேற்காட்டில் பாடு பிரிக்கும் நாளன்று எல்லோரும் எழுந்து நின்று சொல்கிற நாலு வரிப் பாட்டு பழைய பாட்டு அல்ல. அதை எழுதியவன் நான். முப்பத்தைந்து வயதில், ஒரு பிற்பகலில், வெற்றிலை மென்றுகொண்டே எழுதினேன். இப்போது அதை யாராவது சொல்லக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றுகிறது.

பாடு என்றால் முறை. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை ஒட்டிய ஆழத்தில்தான் நல்ல இறால் ஓடும். அங்கே எந்த நாள் யார் வலை கட்டுவது என்று ஓலைச் சீட்டு எழுதி, பானையில் போட்டு எடுப்பார்கள். எங்கள் வலைக்காரக் குடும்பங்களுக்கு மட்டும்தான் சீட்டு. கையால் பிடிக்கிற கைபிடிக்காரர்களுக்குக் கிடையாது. அவர்கள் கரையோரத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, பறி என்கிற ஓலைக்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவுவார்கள். ஆணும் பெண்ணும் அப்படித்தான். நாற்பது வயதுக்குள் முன்பல் தேய்ந்துவிடும்.

எனக்கு வலை இழுக்க வராது. நான் படித்தவன். உலாந்தாக்காரர் என்கிற டச்சு வெள்ளைக்காரர்களின் கோட்டையில் தமிழ் ஓலைகளைப் படித்துப் பொருள் சொல்லும் வேலை பார்த்தேன். வீட்டில் ஏட்டுக்கட்டுகள் வைத்திருந்தேன். அவற்றுள் ஒன்று எனக்கு உயிர். பிறப்பைக் காட்டி மேல் கீழ் பேசுகிறவர்களைக் கேள்வி கேட்டே தோலுரிக்கும் ஏடு அது. ஒவ்வொரு மாசி மகத்துக்கும் கோயில் வெளியில் அதை ராகத்தோடு வாசிப்பேன். சில இடங்களில் என் குரல் தழுதழுக்கும். அது தானாக வந்ததா, வரவழைத்ததா என்று இன்று என்னால் சொல்ல முடியவில்லை. ஊரார் தலையாட்டுவார்கள். கைபிடிக்காரர்கள் தூரத்தில், கருவாடு காயும் மணலுக்கு அந்தப்பக்கம் நின்று கேட்பார்கள். வாசிப்பு முடிந்ததும் எங்களுக்குப் பானகம் குவளையில் வரும். அவர்களுக்கு மேலிருந்து கையில் ஊற்றுவார்கள். அதைப் பார்த்துக்கொண்டே நான் என் குவளையைக் குடித்து முடித்திருக்கிறேன், ஒரு தடவை அல்ல, பத்துப் பன்னிரண்டு வருஷம்.

ஒரு வருஷம் மழை பொய்த்து, கரையோரச் சேறு காய்ந்து வெடித்தது. கையால் பிடிக்க ஒன்றும் இல்லை. மாதத்தில் ஒரே ஒரு நாள் தங்களுக்கும் பாடு வேண்டும் என்று அவர்கள் கோட்டைக்குப் போனார்கள். பேசியவள் ஒரு பெண். அப்போது அவளுக்கு முப்பது வயது இருக்கும், பிள்ளைகள் மூன்று. அதிகாரி தலையைச் சொறிந்துவிட்டு, உங்கள் பழைய நூல் என்ன சொல்கிறதோ அதன்படி தீர்க்கிறேன் என்றார்.

அவள் என்னைக் கைகாட்டினாள். "இந்தச் சாமி வூட்ல ஏடு இருக்குது. பொறப்புல இன்னா பேதம்னு அவரே படிச்சாரு, நாங்க எல்லாரும் கேட்டோம். அத்தப் படிக்கச் சொல்லுங்க, போதும்."

எட்டு நாள் தவணை கிடைத்தது. மறுநாளே என் மாமனார் வந்தார். அப்போது அவர்தான் ஊர்த்தலைவர்.

"இன்னா மாப்ள, ஏட்ட எடுத்துக்கினு போயி நம்ம தண்ணிய அவங்களுக்குத் தாரவாக்கப் போறியா?"

"மாசத்துல ஒரு நாள்தானே மாமா கேக்கறாங்க."

"இன்னிக்கு ஒரு நாளு. நாளைக்கு வலைய நம்மள தொவைச்சிக் குடுக்கச் சொல்லுவாங்க. வலை இழுக்கத் தெரியாதவனுக்குப் பொண்ணு குடுத்தேன்னு ஊரே சிரிச்சிது. படிச்சவன், ஒரு நாளைக்கு ஒதவுவான்னேன். ஒதவு."

அவர் என்னை மிரட்டவில்லை, எதுவும் தருகிறேன் என்றும் சொல்லவில்லை. 'ஒதவு' என்றார், அவ்வளவுதான். என் ஜனங்கள் என்னிடம் முதல் முறையாக ஒன்று கேட்கிறார்கள் என்று எனக்கு மார்பு விரிந்தது. அந்தப் பெருமிதத்தை நினைத்தால்தான் இன்று அதிகம் அருவருப்பாக இருக்கிறது.

என் உயிரான ஏட்டின் கடைசியில் எழுதாத ஓலைகள் நான்கு இருந்தன. மற்ற ஓலைகளைப் போலவே பழுத்தவை. அவற்றில் ஒன்றை எடுத்து, பழைய நடையில் நாலு வரி கட்டி, எழுத்தாணியால் கீறினேன். ஆழம் வலைக்கு, சேறு கைக்கு, முறை மாறினால் ஏரி வற்றும் என்பது பொருள். புதுக்கீறல் வெளுப்பாகத் தெரியும். விளக்குக்கரியை இலைச்சாற்றில் குழைத்துத் தேய்த்தேன். துடைத்ததும் நூறு வயது ஓலையாகிவிட்டது. எதுகை நன்றாக விழுந்திருக்கிறது என்று நானே இரண்டு முறை சொல்லிப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

எட்டாம் நாள் காலை கோட்டை வாசலில் இரண்டு பக்கமும் கூடியிருந்தார்கள். கட்டைப் பிரித்து, கடைசி ஓலையை எடுத்து வாசித்தேன். எங்கள் பக்கம் ஆரவாரம். அவள் முன்னே வந்தாள்.

"சாமி, இது கடைசி ஓலை. மொதல்ல இருக்கறதப் படி. மகத்துக்குப் படிப்பியே, அத்த."

"அந்த ஓலைகளைச் செல்லரித்துவிட்டது" என்றேன். அரிக்கவில்லை. என் கையில்தான் இருந்தன.

அவள் என் கையையே பார்த்தாள். "மாசி மகத்துல கேட்டேன். சித்திரைக்குள்ள செல்லு அரிச்சிச்சா? மகத்தன்னிக்குக் கணீர்னு இருந்திச்சே சாமிக்குக் கொரலு. இன்னிக்குத் தொண்டைல இன்னா, முள்ளு மாட்டிக்கிச்சா?"

எங்கள் ஆட்களே சிலர் சிரித்துவிட்டார்கள். அதிகாரி அவளை நம்பவில்லை. அவருக்கு ஓலை போதும். பாடு கிடையாது என்று தீர்ப்பானது. அந்தக் கோடையில் அவர்களில் பல குடும்பங்கள் பசியாவரத்தையும் சுண்ணாம்புக்குளத்தையும் தாண்டிப் போயின. அவள் போகவில்லை. அவளுடைய கடைசிப் பிள்ளை அந்த வருஷம் இறந்தது. காய்ச்சல் என்றார்கள். நான் அதைப் பற்றி விசாரிக்கவில்லை.

என் பாட்டைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். பலர் ஓலையில் எழுதி வைத்துக்கொண்டார்கள். ஒரு கேள்வியும் கேட்காமல் ஊர் அதை வாங்கிக்கொண்டது. அதற்கு முன்னிருந்த அத்தனை ஓலையும் அந்த நாலு வரியைக் காறித் துப்புகின்றன என்பதை யாரும் கவனிக்கவில்லை. யாரும் ஏட்டை முழுதாகப் படித்ததே இல்லை. படித்தவன் நான் ஒருவன்தான்.

நாற்பது வருஷம் கழித்து, மாமனாரும் என் மனைவியும் இறந்த பிறகு, அவளைத் தேடிப் போய் உண்மையைச் சொன்னேன். பறியை வைத்துக் கரையில் உட்கார்ந்திருந்தாள். முன்பல் இரண்டும் இல்லை.

"எனக்கு அன்னிக்கே தெரியும் சாமி. எங்கிட்ட வந்து சொல்றியே, நானா சீட்டு எடுக்கறேன்? பாடு பிரிக்கிற எடத்துல போய்ச் சொல்லு."

போனேன். பானையில் சீட்டுப் போடும் முன் எல்லோரும் என் பாட்டைச் சொல்லி முடித்தார்கள். நான் எழுந்து, இது பொய்ப்பாட்டு, நான் கட்டியது என்றேன். இப்போதைய தலைவர் என் மனைவியின் அண்ணன் மகன். "மாமா, வெயில்ல நிக்காத, உள்ள வா" என்றான்.

"நான் எழுதுனதுடா! வேணும்னா சொல்றேன் கேளு" என்று பாட்டைச் சொல்லத் தொடங்கினேன். மூன்றாம் வரியில் எனக்கு ஒரு சீர் மறந்துவிட்டது. கூட்டமே சேர்ந்து எடுத்துக்கொடுத்தது.

"எழுதுனவருக்கே மறந்துட்ச்சாம்பா!" என்று ஒருவன் கத்த, விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு சீட்டு எடுத்தார்கள். கைபிடிக்காரர்களுக்கு ஒரு சீட்டும் இல்லை.

அவள் தூரத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். நான் திரும்பி வந்தபோது சேலையை வரிந்து கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கப் போனவள், பறியை என் பக்கம் நீட்டினாள்.

"இந்தா, கொஞ்ச நேரம் புடி சாமி. தாடை வலிக்குது."

கயிறு அவள் எச்சிலில் ஊறிக் கறுத்திருந்தது. நான் பிடிக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் கை தானாகப் பின்னுக்குப் போனது. மறுபடி நீட்டுவதற்குள் அவள் கயிற்றைப் பல் இல்லாத ஈறில் கடித்துக்கொண்டு சேற்றில் இறங்கிவிட்டாள்.