என் கண்ணுக்கு எட்டாத இடம்

மலேசியாவில், சிம்பாங் பூலாய் கல்குவாரியிலிருந்து கல் ஏற்றி லோரி ஓட்டுகிறவன் நான். ஒரு நாள் இருக்கையில் உட்கார்ந்ததும் முதுகெலும்பு முடியும் இடத்தில் சுருக்கென்றது. சூட்டுக் கொப்புளம் என்றேன். எங்கள் ஆட்களுக்கு எல்லா நோயும் சூடுதான். பார்லித் தண்ணீர் குடித்தேன், எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். எட்டு மாதம் கழித்து, காற்சட்டையில் சீழ் ஒட்டிய பிறகுதான் ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டர் சின்னப் பெண். 'பைலோனிடல் சைனஸ்' (பிட்டத்தின் பிளவில் முடி தோலுக்குள் புகுந்து உண்டாக்கும் சீழ்க்குழி) என்றார். அறுத்து எடுத்தார்கள். புண் ஆற இரண்டு மாதம் பிடித்தது.

"அங்கிள், இனிமே அங்க முடி வளர விடக்கூடாது. வளந்தா திரும்ப வரும். உங்களால பாக்க முடியாது லா, ஆன்ட்டிதான் எடுத்து விடணும்."

ஆன்ட்டி என்றது என் மனைவி சாந்தியை. சரி என்று தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் நானே செய்துகொள்ள முடிவெடுத்தேன்.

முதலில் பிளேடு. கண்ணாடியைத் தரையில் வைத்துக் குந்தியதில் தழும்பை ஒட்டி வெட்டிக்கொண்டேன். அடுத்து முடி நீக்கும் கிரீம். முன்கையில் தடவிப் பார்த்த பிறகே பூச வேண்டும் என்று பெட்டியிலேயே எழுதியிருந்தது. யார் படித்தது? தோல் வெந்து நான்கு நாள் குப்புறப் படுத்துக் கிடந்தேன். நீங்களாவது படியுங்கள்.

மெழுகு வைத்துப் பிடுங்கலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். "தழும்புத் தோல் பிஞ்சிடும் அங்கிள். டிரிம்மர் வச்சு ஒட்ட வெட்டுங்க. நல்லா ஆறட்டும், அப்புறம் லேசர் (ஒளியால் முடியின் வேரைச் சுடும் முறை) பாக்கலாம்." அதுவரை டிரிம்மர்தான். அதாவது சாந்திதான்.

வெட்கத்தால் தயங்கினேன் என்று நினைப்பீர்கள். வெட்கமில்லை. எங்கள் மகன் பிறப்பதற்கு முன் சாந்தி தானே பிளேடால் மழித்துக்கொண்டாள். பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அங்கே கொப்புளங்கள் சீழ் வைத்தன. தையல் போட்ட உடம்பு, அவளால் குனிய முடியாது. மருந்து போட்டுவிடச் சொன்னாள். "நாத்தம் அடிக்குது, உங்கம்மாவக் கூப்பிடு" என்று சொல்லிவிட்டு ஹாலில் பாய் விரித்துக்கொண்டேன். காப்பிக் கடையில் இதைச் சொல்லிச் சிரிக்கவும் செய்தேன். பாகான் டத்தோவிலிருந்து அவள் அம்மா வந்து சேர மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் ஒரு கைக்கண்ணாடியோடு அவளே சமாளித்தாள்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு வந்தும் உடனே தெரியவில்லை.

இப்போது என் வாரம் சனிக்கிழமை மத்தியானத்தில் தொடங்குகிறது. சாந்தி பழைய கைலியை விரிப்பாள், மூக்குக்கண்ணாடி போடுவாள், கையுறை மாட்டுவாள். முகம் சுளித்ததே இல்லை. ஒரு தடவையாவது மூக்கைப் பொத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். என் உடம்பில் நான் பார்த்தறியாத ஓர் இடம் இருக்கிறது. அது ஆறுகிறதா இல்லையா என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

போன சனிக்கிழமை, தலையணையில் முகத்தை வைத்தபடி கேட்டேன்.

"சாந்தி, அப்ப உனக்கு ரொம்ப வலிச்சிச்சா?"

டிரிம்மர் சத்தம் நின்றது.

"இதக் கேக்க பத்தொம்பது வருஷம் ஆச்சு உங்களுக்கு," என்றாள். "ஆடாம படுங்க."