சாலம்மாள் அடிக்கச் சொன்ன வரி

2-11-1964 ரூ. 2.00
2-11-1965 ரூ. 2.00
2-11-1966 ரூ. 1.00
11-12-1966 ரூ. 1.00
2-11-1967 ரூ. 2.00
2-11-1968 ரூ. 2.00
2-11-1969 ரூ. 2.00
2-11-1970 ரூ. 3.00
2-11-1971 ரூ. 3.00

பென்னாகரத்துக்கு அருகே எங்கள் பங்குக் கோவிலின் பூசை ஏட்டில், சாலம்மாள் பெயரில் வரவான பதினெட்டு ரூபாய் இது. கல்லறைத் திருநாளன்று இறந்தவர்களின் ஆத்துமாவுக்காகப் பணம் கொடுத்துப் பூசை வைக்கச் சொல்வது வழக்கம். எட்டு வருடமும் எதிர்ப்பத்தியில், கோவில் கணக்கு எழுதும் என் கையெழுத்தில், 'இறந்த சவுரியப்பன் ஆத்தும இளைப்பாற்றிக்காக' என்று இருக்கிறது. சவுரியப்பன் அவளுக்கு உறவில்லை. அவள் கணவர் சின்னப்பன் சாகக் காரணமானவன்.

அது நடந்தது 19-7-1964, ஞாயிறு. அப்போது நாங்கள் சேலம் ஜில்லா. தருமபுரி ஜில்லா மறு வருடம்தான் வந்தது. ஒகேனக்கல்லில் புதுத்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பரிசல் ஓட்டும் சவுரியப்பன் குடித்திருந்தான். நாலு பேர் உட்காரும் பரிசலில் ஏழு பேரை ஏற்றினான். கவிழ்ந்ததும் ஆறு பேர் கரையேறினார்கள். சின்னப்பனின் உடல் மூன்றாம் நாள் கிடைத்தது. சவுரியப்பனின் துடுப்பும் துண்டும் மட்டும் கீழே ஒதுங்கின. அவனும் செத்துவிட்டான் என்று ஊர் முடிவு செய்தது. நானும் அப்படியே நம்பினேன்.

அந்த நவம்பரில் சாலம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து நாலு ரூபாயை என் மேசையில் வைத்தாள்.

"ரெண்டு எங்கூட்டுக்காரருக்கு. ரெண்டு அவனுக்கு."

"எவனுக்கு?"

"அந்தப் பரிசல்காரனுக்குத்தான். அவனுக்குப் பூசை வைக்க யாரு இருக்கா? ஆத்தாளும் செத்துட்டா."

நான் பேனாவைத் திறக்காமல் இருந்தேன்.

"எழுதுங்கண்ணா. அவனும் ஆத்தோட போயிட்டான், இனி யாரைத் திட்டறது? மன்னிச்சுட்டேன்னு ஆண்டவர்கிட்ட சொல்லிட்டேன்."

அவளுக்கு நிலமில்லை. கூலி வேலையும் இரண்டு ஆடுகளும்தான். மழை பொய்த்த 1966இல்கூட மீதி ஒரு ரூபாயை டிசம்பரில் கொண்டுவந்து கொடுத்தாள். 1968 தவக்காலத்தில் சாமியார் பிரசங்கத்தில் அவள் பெயரைச் சொல்லி, முழு மனதோடு மன்னிப்பது என்றால் இதுதான் என்றார். அதன் பிறகு தண்ணீர்க் குழாயடியில் சண்டை வந்தால், "நீதான் மன்னிக்கறவளாச்சே, எங்கொடத்த முன்னால வுடு" என்று பெண்கள் அவளைச் சீண்டுவார்கள். அவளும் சிரித்துக்கொண்டே குடத்தைத் தள்ளி வைப்பாள்.

14-9-1972 அன்று கோவில் முகவரிக்கு ஓர் இன்லண்டு கடிதம் வந்தது. அனுப்பியவன் சவுரியப்பன். யாரோ அவனுக்காக எழுதியிருந்தார்கள். பயத்தில் அக்கரை ஏறி ஓடிவிட்டதாகவும், குடகில் காப்பித் தோட்டத்தில் எட்டு வருடம் இருந்ததாகவும், இப்போது கால் சரியில்லை என்றும் இருந்தது. சொந்த வீட்டுக்கு வந்து கிடக்க ஆசையாம். ஆனால் சாலம்மாள் வா என்று சொன்னால்தான் வருவானாம், இல்லாவிட்டால் அங்கேயே செத்துப்போவானாம்.

அவளை வரவழைத்துப் படித்துக் காட்டினேன்.

"தேதி என்ன போட்டிருக்கு?" என்று கேட்டாள்.

"செப்டம்பர் எட்டு."

"இந்த வருசமா?"

"இந்த வருசந்தான்."

"செத்தவன் எப்படிண்ணா காயிதம் போடுவான்?"

இருவரும் சாமியாரிடம் போனோம்.

"எந்தப் பூசையும் வீணாப் போகாதம்மா. யாருமில்லாத ஒரு ஆத்துமாவுக்குப் போயிருக்கும்" என்றார் அவர்.

"பூசை போகட்டும் சாமி. நான் மன்னிச்சது யாருக்குப் போச்சு?"

"மன்னிச்சது மன்னிச்சதுதானே?"

"அது செத்தவனை. இவன் உசுரோட இருக்கானே."

சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஞாயிற்றுக்கிழமை வா, பேசலாம் என்றார். ஞாயிற்றுக்கிழமையும் அதையேதான் பேசினோம்.

என் குழப்பம் வேறு. ஏட்டில் நான் பிளேடால் சுரண்டுவதில்லை. தவறு நேர்ந்தால் அடியில் உள்ளது படிக்கும்படி ஒரே கோடு போட்டு அடித்து, ஓரத்தில் சுருக்கொப்பமும் தேதியும் இடுவேன். 'இறந்த' என்பதை அடித்தால் மீதி வரிக்கு என்ன அர்த்தம்? அடிக்காவிட்டால் அது பொய். கடைசியில் எட்டு இடத்திலும் பென்சிலால் கேள்விக்குறி போட்டேன். அவை இன்னும் அப்படியே இருக்கின்றன.

ஐந்து வாரம் கழித்து, 21-10-1972 அன்று, சாலம்மாள் பதில் எழுதச் சொல்லி வந்தாள்.

"மன்னிச்சுட்டேன்னு எழுதுங்க."

எழுதினேன்.

"வான்னு எழுதுங்க."

எழுதினேன். எழுந்து வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

"என் வூட்டு வழியா வராதேன்னும் எழுதுங்க."

அதையும் எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. பஸ் நிற்கும் இடத்திலிருந்து அவன் வீட்டுக்கு ஒரே தடம். ஒரு பக்கம் கேழ்வரகுக் கொல்லை, மறுபக்கம் பள்ளம். அவள் வாசலைத் தாண்டினால்தான் அவன் வீடு.

"சாலம்மா, வேற வழி இல்லையே."

"தெரியும்."

"அப்ப, வான்னு அர்த்தமா, வராதேன்னு அர்த்தமா?"

"எனக்கே தெரியலைண்ணா. ரெண்டும் இருக்கட்டும்."

என்னிடம் கொடுத்த கடிதம் எதையும் நான் மறுநாள் தாண்டி வைத்திருந்ததில்லை. இதை மட்டும் தபாலில் போடக் கை வரவில்லை. ஏட்டுக்குள் வைத்துவிட்டேன்.

2-11-1972 காலை அவள் வழக்கம்போல் ஆறு ரூபாயோடு வந்தாள். மூன்று சின்னப்பனுக்கு என்று எழுதினேன். மீதி மூன்று யாருக்கு என்று கேட்டேன்.

"செத்தவனுக்குக் குடுக்கறது சுளுவா இருந்துச்சுண்ணா. செத்தவன் எதுக்கால நடந்து வரமாட்டான் பாருங்க."

உயிரோடிருப்பவர்களுக்கும் பூசை வைக்கலாம் என்றேன். சரி என்றாள். 'சவுரியப்பன் நலனுக்காக' என்று எழுதினேன். அவள் போகவில்லை.

"அந்தக் காயிதத்தைப் போட்டாச்சா?"

"இல்லை."

"பன்னெண்டு நாளாவா வச்சிருக்கீங்க? அவன் அங்க தபால்காரன் மூஞ்சியப் பாத்துக்கிட்டுக் கிடப்பானே!" என்று என்மேல் பாய்ந்தாள். பிறகு தான் சொன்னதைத் தானே கேட்டவள் போலக் கையை நீட்டினாள். "எடுங்க அதை. கடைசி வரிய அடிங்க."

"வேற இன்லண்டுல புதுசா எழுதறேன்."

"வேண்டாம். அதுலயே அடிங்க. அடிச்சது அவன் கண்ணுக்குத் தெரியணும். இல்லாட்டி, மன்னிக்கறது எனக்கு லேசா வந்துச்சுன்னு நினைச்சுக்கப் போறான்."

ஏட்டில் அடிப்பது போலவே ஒரே கோடு போட்டேன். ஓரத்தில் அவள் கைநாட்டு வைத்தாள்.

"இப்ப முழு மனசா மன்னிச்சாச்சா?" என்று கேட்டுவிட்டேன்.

"கேக்காதீங்கண்ணா. ரசீது போடற சமாச்சாரமா இது?"

அன்றே தபாலில் சேர்த்தேன். அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும், "வந்துச்சா?" என்பாள். இல்லை என்றால் அவள் முகத்தில் வருவது நிம்மதியா ஏமாற்றமா என்று எனக்குப் பிடிபட்டதில்லை. ஏழு ஞாயிறு இப்படிப் போயிற்று.

அவன் பதில் நாலே வரி. "கடிதம் கிடைத்தது. அடித்த வரியையும் படிக்கச் சொல்லிக் கேட்டேன். 24ஆம் தேதி சாயங்கால பஸ்ஸில் வருகிறேன். உங்கள் வாசலைத் தாண்டும்வரை தலையைக் குனிந்துகொண்டே போய்விடுவேன்."

"இன்னொருக்கா படிங்க" என்றாள். படித்தேன்.

"குனிஞ்சுக்கிட்டே போயிடுவானா?"

"அப்படித்தான் இருக்கு."

"அதெப்படி? மூஞ்சியப் பாக்காம நான் எப்படி..." முடிக்கவில்லை. "நிமுந்து வரச் சொல்லி ஒரு காயிதம் போடுங்க."

"நாளைக்கு வந்துடுவான் சாலம்மா. குடகுக்குக் காயிதம் போய்ச்சேர அஞ்சு நாளாகும்."

"அப்ப நாந்தான் வாசல்ல நின்னு கூப்பிடணுமா?"

கடிதத்தை வாங்கி மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். சாயங்காலம் நான் அந்தப் பக்கம் போனபோது, தடத்தின் நடுவில் அடித்திருந்த ஆட்டு முளையைப் பிடுங்கித் தன் சுவரோரமாக அடித்துக்கொண்டிருந்தாள். கால் சரியில்லாதவன் நடந்து வரும் தடம் அது.

கடிதம் வந்த நாள் 23-12-1972, சனிக்கிழமை.