மூடி போட்டு வந்த சாப்பாடு

பனி இறங்கிவிட்டால் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஆள் வருவதற்கு முன்னால் அவர் கையிலிருக்கும் சாப்பாட்டின் வாசனை வந்து சேர்ந்துவிடும். நாலு வீடு தள்ளி நடந்து வருவது யாரென்று கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தேங்காய்ப் பாலில் மஞ்சள் கொதித்த மணம் என்றால் லோரி ஓட்டுநரின் மனைவி, இஞ்சியும் நல்லெண்ணெயும் சேர்ந்த மணம் என்றால் மேட்டுக் காய்கறித் தோட்டத்துச் சீனப் பெண்மணி என்று மூக்கே சொல்லிவிடும். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. நாக்கில் எச்சில் ஊற வைக்கும் நினைவாக இதை எழுதத்தான் எனக்கும் ஆசை. ஆனால் அந்த இரண்டு மணங்களும் எங்கள் வீட்டு வாசலுக்கு முதன்முதலாக வந்த அன்று நான் மூடியைத் திறக்கவே இல்லை. பசி இல்லாமல் இல்லை, பயம்.

எழுபதுகளின் பிற்பாதி அது. மலாய் நாட்டு மலையில், ரிங்லெட்டைத் தாண்டி, தானா ராத்தாவுக்குப் போகும் சாலையிலிருந்து பிரிந்து மலைக்குள் நுழையும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். அப்பாவுக்குத் தேயிலை ஆலையில் வேலை, அம்மாவுக்குக் கொழுந்தெடுப்பு. நான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. தம்பி இன்னும் பள்ளிக்கூடம் போகாத வாண்டு. அம்மா வாயும் வயிறுமாக இருந்த நேரம் அது என்றாலும் வீட்டில் அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. பேசினால் கண் படும் என்பார்கள். அதனால் அம்மாவின் வயிறு எங்களுக்கு அம்மாவின் வயிறுதான், அதற்குள் இன்னொரு ஆள் இருப்பதாக நினைத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கும் இல்லை, தம்பிக்கும் இல்லை.

ஒரு நாள் காலையில், பெரட்டுக்கு, வேலைக்குப் போகுமுன் ஆள் எண்ணுவதற்கு, கூப்பிடும் நேரத்தில், அடுப்படியில் நின்றுகொண்டிருந்த அம்மா சுவரைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிமெண்டுத் தரையில் இரத்தம் ஓடியது. அப்பா கத்திக்கொண்டு ஓடினார், தோட்டத்து லோரி வந்தது, கம்பளியில் சுற்றி நாலு பேர் தூக்கி ஏற்றினார்கள். வெளுத்துப்போன முகத்தோடு அம்மா என்னைத் தேடிப் பார்த்து, "ஒல கொதிக்குதும்மா, அரிசியப் போட்டுடு" என்றாள். அவ்வளவுதான். லோரி பனிக்குள் போய் மறைந்தது. நான் உள்ளே போய் அரிசியைப் போட்டேன். பாதி அரிசி அடுப்பில் கொட்டிக் கருகியது.

மறுநாள் மதியத்துக்கு மேல் அப்பா திரும்பி வந்தார். அவர் சாலைப் பக்கமிருந்து வரவில்லை, ஆற்றுப் பக்கமிருந்து வந்தார். தலை நனைந்திருந்தது. எங்கள் மலையில் வெயில் அடிக்கும் நாளிலேயே வெந்நீர் இல்லாமல் யாரும் குளிக்க மாட்டார்கள். அந்த மழைக்காலத்தில், சட்டை உடம்போடு ஒட்ட, தலையிலிருந்து தண்ணீர் சொட்ட அவர் வந்து நின்றார். "அம்மா எங்கப்பா?" என்று கேட்டேன். "ஆஸ்பத்திரியில இருக்கா. நல்லாத்தான் இருக்கா" என்றார், தம்பியைப் பார்த்து. என்னைப் பார்க்கவே இல்லை. பின்னாலேயே பக்கத்து வீட்டு அஞ்சலை அத்தை வந்து, அப்பா முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நான் சொல்ற வரைக்கும் அடுப்பப் பத்தவைக்காதம்மா. சாப்பாடு நாங்க கொண்டாறோம்."

எனக்கு விளங்கிவிட்டது. அதற்கு முந்தின வருடம்தான் லயத்துக் கோடி வீட்டில் பழைய கங்காணி இறந்துபோயிருந்தார். அன்று அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. சுடுகாட்டுக்குப் போன ஆண்கள் ஆற்றில் தலை முழுகிவிட்டு இதே போல் சொட்டச் சொட்ட வந்தார்கள். அக்கம்பக்கத்தார் சட்டியிலும் மங்குக் கிண்ணத்திலும் சோறு கொண்டுவந்து கொடுத்தார்கள்; இழவு வீட்டில் சமைக்கக் கூடாது, மற்றவர்கள்தான் பொங்கிப் போட வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஆற்றுத் தண்ணீரில் நனைந்த தலை, எரியக் கூடாத அடுப்பு, கொண்டுவரப் போகும் சாப்பாடு. மூன்றையும் கூட்டிப் பார்க்க ஐந்தாம் வகுப்புக் கணக்கு போதும். அம்மா செத்துவிட்டாள். நாங்கள் பயந்துவிடுவோம் என்று மறைக்கிறார்கள்.

அன்று மாலை பனியோடு சேர்ந்து சாப்பாடு வர ஆரம்பித்தது. முதலில் லோரி ஓட்டுநரின் மனைவி. அவரை எல்லாரும் "மக்சிக்" என்போம். மலாய்க்காரர் என்றாலும் எங்கள் லயத்துப் பெண்களோடு பழகிப் பழகித் தமிழ் பேசுவார். மூடி போட்ட பாத்திரத்தை நீட்டி, "அடுப்பு வேணாம் லா பாப்பா, சூடா இருக்கு, சாப்பிடு" என்றார். அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் இஞ்சி மணம் வந்தது. பின்னாலேயே சீனப் பெண்மணி, நாங்கள் "ஆசோ" என்று கூப்பிடுகிறவர், தூக்குச்சட்டியோடு வந்தார். அவருடைய காய்கறித் தோட்டம் சுடுகாட்டுச் சரிவை ஒட்டி இருந்தது. லயத்துக்குக் கீரை விற்க வருவாரே தவிர யார் வீட்டு வாசலிலும் நிற்காதவர், அன்று தம்பியின் தலையைத் தடவி "மக்கான், மக்கான்" என்று சாப்பிடச் சொல்லிவிட்டுப் போனார். எங்கேயோ மேட்டில் இருக்கிற ஆசோவுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது, எங்களுக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்தேன்.

தம்பி மூடியைத் திறக்கப் போனான். கையில் ஒன்று வைத்தேன். அவன் அழுதான். தின்றுவிட்டால் நாங்களே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று எனக்கு ஒரு பயம். இழவுச் சாப்பாட்டை வாங்கித் தின்கிற வீடுதான் இழவு வீடு. நம் வீட்டு அடுப்பில் நாமே பொங்கித் தின்றால் அம்மா இருக்கிறாள் என்று அர்த்தம். இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது, ஆனால் அன்றைக்கு நான் பிடித்துக்கொள்ள வேறு கொம்பு எதுவும் இருக்கவில்லை. கவ்வாத்தில் கழித்துப் போட்ட தேயிலைக் குச்சிகளை அள்ளிவந்து அடுப்பைப் பற்றவைத்தேன்.

மறுநாள் மக்சிக் வந்தபோது பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தேன். "சமைச்சது வேணாம் மக்சிக். பச்சையா குடுங்க, நான் ஆக்கிக்கிறேன்" என்றேன். அவர் அடுப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டுவார் என்றுதான் நினைத்தேன். அவரோ போய், ஒரு பூசணிக் கீற்றும் அரை மூடித் தேங்காயும் ஒரு கை நெத்திலியும் கொண்டுவந்து அடுப்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். சின்ன வெங்காயத்தையும் நெத்திலியையும் அம்மியில் தட்டி, மஞ்சள் தூளோடு தண்ணீரில் கொதிக்கவைத்து, பூசணித் துண்டுகள் வெந்த பிறகு தேங்காய்ப் பாலை ஊற்றி, திரிந்துவிடாமல் கிண்டிக்கொண்டே இருக்கச் சொன்னார். தாளிப்பு இல்லை, மிளகாய்த் தூள் இல்லை, புளி இல்லை. இதெல்லாம் ஒரு குழம்பா என்று எனக்குள் ஓர் இளப்பம். கிண்டிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தால் மக்சிக் தலைத்துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். புகை என்றார். அடுப்பு அப்போது புகையவில்லை.

ஆசோவிடம் கேட்பது இன்னும் கஷ்டம், அவருக்குத் தமிழ் வராது, என் மலாய் பள்ளிக்கூட மலாய். எப்படியோ சைகையில் புரியவைத்தேன். ஒரு பிடி அரிசி, அதற்கு ஒரு சட்டி நிறையத் தண்ணீர். அரிசி உடைந்து கூழாகும்வரை சின்னத் தீயில் விட வேண்டும். இஞ்சியைத் தலைமுடி மாதிரி சீவிப் போட வேண்டும். கடைசியில் முட்டையை அடித்து நூலாக ஊற்றி, கருப்புச் சோயாச் சாறு கொஞ்சம், நல்லெண்ணெய் ரெண்டு சொட்டு. நல்லெண்ணெயை நாங்கள் சனிக்கிழமை தலைக்குத்தான் தேய்ப்போம். கஞ்சியில் ஊற்றுகிறார்களே என்று தம்பி முகத்தைச் சுளித்தான். பிறகு இரண்டு கிண்ணம் குடித்தான். "பிள்ளை பெற்றவர்களுக்கும் நல்லது" என்பதுபோல் ஆசோ தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினார். நான் அதைக் கவனித்தேன், ஆனால் யோசிக்கவில்லை.

இப்படியே நாட்கள் போயின. ஒரு நேரம் அம்மா வைக்கிற மாதிரி ரசம், ஒரு நேரம் மக்சிக்கின் பூசணி, ஒரு நேரம் ஆசோவின் கஞ்சி. சமைப்பதைவிடத் தீயைக் காப்பதுதான் பெரிய பாடு. விடாத மழையில் குச்சியெல்லாம் நனைந்து புகைந்தது. ஒரு சாயங்காலம் அடுப்பு அணைந்தே போய்விட்டது. ஊதி ஊதித் தலை சுற்றியது; இந்த நேரத்தில் தானா ராத்தா ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு என்ன ஆகிறதோ என்று நினைத்ததும் அழுகை பீறிட்டது. செத்தவளுக்கு மறுபடியும் என்ன ஆகிவிடும்? பயத்துக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. துணியை மண்ணெண்ணெயில் நனைத்துச் சொருகியதும் குபீரென்று பிடித்துக்கொண்டு என் முன்மயிரைக் கருக்கியது. அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தீ எரிவதைப் பார்த்தார், அணைக்கச் சொல்லவில்லை, வெளியே போய்விட்டார்.

அஞ்சலை அத்தைக்குத்தான் பொறுக்கவில்லை. "சொன்னா கேக்க மாட்டியாடி? எல்லாம் ஒரு மொறையிருக்குல்ல" என்று கடிந்துகொண்டார்.

"அம்மா நல்லாத்தான் இருக்காங்கன்னா, அடுப்பு ஏன் அத்தை எரியக் கூடாது?"

அத்தை வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஒங்கம்மா வரட்டும், அவளே சொல்லுவா" என்றார். அம்மா வருவாளா என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

அம்மா வந்தாள். லோரியின் முன்பக்கத்திலிருந்து அப்பா கையைப் பிடித்து இறக்கினார். பனிக்குள் தெரிந்த உருவத்தைப் பார்த்ததும் எனக்கு ஓடத் தோன்றவில்லை. படியிலேயே உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். தம்பிதான் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டான். அம்மா மெலிந்து, உதடு வெளிறி, ஒரு கையால் வயிற்றைப் பிடித்தபடி மெதுவாக உள்ளே வந்தாள். வயிறு தட்டையாக இருந்தது. கையில் ஒன்றும் இல்லை.

அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா அதையே பார்த்தாள். "இத்தன நாளும் அடுப்பு எரிஞ்சுச்சா?" என்று கேட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "நாந்தாம்மா ஆக்கினேன். ஒரு நாளும் நிறுத்தல" என்றேன்.

அம்மா என் தலையைத் தடவினாள். கஞ்சிச் சட்டியை இறக்கி வைத்தாள். பிறகு மூலையிலிருந்த வாளியில் ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு அடுப்பில் ஊற்றினாள். உஸ்ஸென்று சாம்பல் எழும்பி அவள் முகத்தை மறைத்தது. நான் பதறிக் கையைப் பிடித்தேன்.

"ஒனக்குத் தங்கச்சி பொறந்தாம்மா. ஒரு நாள் இருந்தா, போயிட்டா" என்றாள். "அவளுக்காக ஒரு வேளையாவது அடுப்பு அணைஞ்சு கெடக்கட்டும்."

அப்பா சுவரைப் பார்த்து நின்றுகொண்டு அழுதார். தங்கச்சியை லோரியில் கொண்டுவந்து, ஆசோவின் தோட்டத்துக்குப் பக்கத்துச் சரிவில் அவர் புதைத்ததும், ஓட்டுநர் தன் வீட்டில் போய்ச் சொன்னதும், ஆசோ கண்ணால் பார்த்ததும், வேற்றுச் சனங்கள் எங்கள் முறையை எங்களுக்காகச் செய்ய வந்ததும் பிறகுதான் எனக்குப் புரிந்தது. அன்று சாயங்காலம் பாத்திரங்கள் மறுபடியும் வந்தன. நான் எதிர்த்துப் பேசாமல் வாங்கினேன். நாலு பேரும் அணைந்த அடுப்புக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். மக்சிக்கின் பூசணி என்னுடையதைவிட நன்றாக இருந்தது.

இப்போது நான் மலைக்குக் கீழே ஈப்போ நகரத்தில் இருக்கிறேன். கேஸ் அடுப்பு, திருகினால் எரியும், திருகினால் அணையும். என் பிள்ளைகளுக்கு அந்தப் பூசணியும் கஞ்சியும் வாரம் ஒரு முறையாவது வேண்டும். யாரிடம் கற்றேன் என்று கேட்டால் அக்கம்பக்கத்தில் என்று சொல்லிவிடுவேன். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். மக்சிக்கும் ஆசோவும் இருக்கிறார்களா என்று தெரியவில்லை.

சில மாதங்களுக்கு முன் அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு மேலே போனேன். எங்கள் லயம் இருந்த இடத்தில் புல். ஆசோவின் தோட்டப் பக்கம் போனால் சரிவு முழுக்கப் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறிப் பண்ணைகள்; பழைய பாதையும் இல்லை, சுடுகாடு எதுவரை இருந்தது என்று காட்டவும் அங்கே பழைய ஆள் யாரும் இல்லை. அம்மா இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். குளிர் காற்று உள்ளே வந்தது.

"கம்பளியில சுத்தித்தானே பொதச்சாரு ஒங்கப்பா?" என்று கேட்டாள். "இங்க ராத்திரில குளிரு தாங்காதே."

"ஆமாம்மா, கம்பளியிலதான்" என்றேன். அப்பா அந்த நாளைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை.