தொட்டால் ஒட்டாத நோய்

பழைய சோபாவைக் கிழித்து, ஈரத்தில் பூஞ்சை பிடித்த நாரைப் பிடுங்கிப் போட்டு, புது ஸ்பஞ்ச் வைத்துத் தைப்பது அவர் பிழைப்பு. சின்ன வயதிலிருந்தே உடம்பில் சீழ்க்கட்டி. கழுத்தில் ஒன்று ஆறினால் அக்குளில் ஒன்று. பட்டறையில் அவருக்குத் தனி டம்ளர். பெண் கொடுக்க யாரும் வரவில்லை. ஒட்டிக்கொள்ளுமாம்!

நுரையீரலில் பூஞ்சை புகுந்து ஆஸ்பத்திரியில் படுத்தபோதுதான் டாக்டரம்மா காரணத்தைக் கண்டுபிடித்தார்.

"உங்க வெள்ளணு கிருமியை விழுங்குது. விழுங்கினதைக் கொல்ல ஒரு நொதி வேணும், அது உங்க உடம்புல வேலை செய்யல. பிறவிக் குறை. பெரும்பாலும் அம்மா வழியா ஆம்பளைப் பிள்ளைக்கு வரும்."

"அப்ப யாருக்கும் ஒட்டாதா?"

"இந்தக் குறை யாருக்கும் ஒட்டாது. பூஞ்சைதான் உங்களைப் பிடிக்கும். அந்தப் பழைய மெத்தையை இனிமே தொடாதீங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே தங்கை மகன் நினைவுக்கு வந்தான். ஒன்றரை வயது. அவன் கழுத்திலும் கட்டி. ஒரே ஒரு தடவை தூக்கியதற்கு, மாமன்தான் ஒட்டவைத்தான் என்று தங்கை கணவர் வாசலோடு நிறுத்திவிட்டார்.

"உடனே ரத்தம் பாக்கணும்" என்றார், பிள்ளையின் விஷயத்தைக் கேட்ட டாக்டரம்மா. "தினமும் மருந்து கொடுத்தா பிள்ளை தேறிடும். விட்டா கல்லீரல், நுரையீரல்னு போகும்."

வீடு திரும்பியதும் தங்கைக்கு போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னார். அவள் விசும்பினாள்.

"என்கிட்டேர்ந்து வந்ததுன்னு தெரிஞ்சா, இவர் என்னையும் பிள்ளையையும் அனுப்பிடுவாரு அண்ணா. டெஸ்ட்டே வேணாம்."

கண்ணின் நிறத்தைப் போல, மூக்கின் வளைவைப் போல வந்து சேர்ந்த ஒன்று. இதில் யார் குற்றவாளி? ஆனாலும் ஒரு தாய் தன்னைக் குற்றவாளியாக்கிப் பிள்ளையை ஒளித்துவைக்கிறாள் என்றால், நோய் ரத்தத்தில் மட்டும் இல்லை.

டாக்டரம்மாவிடம் போய், பிள்ளையின் ரத்தப் பரிசோதனை முடிவை முதலில் தங்கையிடம் தனியாகச் சொல்லும்படி கெஞ்சினார். பிறகு தங்கை வீட்டு வாசலில் போய் நின்றார்.

"என்ன மச்சான், அங்கேயே நின்னு பேசுங்க. கதவைத் தொடாதீங்க."

ஆஸ்பத்திரியில் கேட்டதெல்லாம் தொண்டை வரை வந்தது. மாப்பிள்ளைக்குப் பின்னால் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தங்கை நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"நீங்க சொன்னதுதான் சரி மாப்பிள்ளை. என்கிட்டேர்ந்துதான் ஒட்டியிருக்கு. பிள்ளைக்கு உடனே ரத்தம் பாக்கணுமாம்."

"அப்பவே சொன்னேனா இல்லையா? படிச்சவன் பேச்சை இந்த வீட்டுல எவன் கேக்குறான்! சரி, நாளைக்கே கூட்டிட்டுப் போறேன். நீங்க இனிமே இந்தத் தெருப் பக்கமே வராதீங்க."

"வரல."

தங்கை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் வேகமாகத் தலையசைத்துத் தடுத்துவிட்டு இறங்கினார். தெருமுனையில் திரும்பிப் பார்த்தபோது, அவர் தொடாத கதவை மாப்பிள்ளை சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார்.