மழையில்லாமல் வந்த தண்ணீர்

யுத்தத்துக்கு முந்திய ஒரு பங்குனி அது. எங்கள் ஊர் ஆறு கோடையில் வெறும் மணல்தான். மணலைத் தோண்டி ஊற்றெடுத்துக் குடிப்போம். அன்று காலை குடத்தோடு போனால், ஆறு ஓடிக்கொண்டிருந்தது. மழை இல்லை, மலையில் மேகம்கூட இல்லை. கணுக்கால் ஆழத்துக்குச் சத்தமே இல்லாமல் தண்ணீர் போனது. கால் வைத்தேன். வெதுவெதுவென்று இருந்தது. சட்டென்று காலை எடுத்துக்கொண்டேன்.

ஊரே கரையில் கூடியது. "ஆத்தா வந்துட்டா சாமி!" என்று என் மாமியார் சூடம் கொளுத்திக் கும்பிட்டார். மாரியம்மனுக்கு முளைப்பாரி போடுகிற சமயம் வேறு, கேட்க வேண்டுமா?

புதுத்தண்ணீர் வந்தால் தவளை கத்தித் தீர்க்கும். அன்று ஒரு தவளைச் சத்தம் இல்லை. கொக்கு ஒன்று தாழ வந்து, கால் நனைக்காமலே மேலே போய்விட்டது. எங்கள் எருமை மோந்து பார்த்துவிட்டு வீட்டைப் பார்த்துத் திரும்பியது.

"ஏனுங்க அத்தை, எருமையே குடிக்க மாட்டீங்குது. நாம குடிக்கலாமுங்களா?"

"எருமைக்குச் சாமி தெரியுமா, பூதம் தெரியுமா? வாய மூடிக்கிட்டு ஊட்டுக்கு வா. மொளப்பாரி கரைக்கற வரைக்கும் யாரும் இதை வாயில வைக்கக் கூடாது."

முளைப்பாரிக்கு இருட்டறையில் மண்சட்டிகளில் தானியம் விதைத்து நீர் தெளித்து வளர்ப்பார்கள். பயிர் செழித்தால் ஊர் செழிக்கும். அழுகினால் ஆத்தாளுக்குக் கோபம். அந்த வருஷம் ஆற்றுத் தண்ணீரைத்தான் தெளித்தோம். அப்படி ஒரு முளைப்பாரியை நான் முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. தண்டு தண்டாகத் தடித்து முழ உயரம் எழுந்து நின்றது. கதவைத் திறந்தால் ஒரு வாடை. தொழுவத்து வாடையும் இல்லை, பிண வாடையும் இல்லை, இரண்டுக்கும் நடுவில். மற்ற பெண்கள் பயிரைப் பார்த்துக் குலவை போட்டார்கள். நானோ துணைக்கு ஆளில்லாமல் அந்த அறைக்குள் போவதில்லை.

முளைப்பாரியை ஆற்றில் விட்டதும் பூசாரி அதே தண்ணீரைச் செம்பில் மொண்டு தீர்த்தம் கொடுத்தார். குழந்தைகளுக்குத்தான் முதலில். என் மகளுக்கு மூன்று வயது. உள்ளங்கையில் வாங்கி வாய்க்குக் கொண்டுபோனாள். நான் ஓங்கித் தட்டிவிட்டேன்.

குலவை நின்றது. "அடிப் பாவி! ஆத்தா தீர்த்தத்தையா தட்டறே?" என்று மாமியார் அலறினார்.

"என்னை வெட்டிப் போட்டாலும் சரிங்க, எம்புள்ள இதைக் குடிக்காது!" என்று மகளைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். திரும்பிப் பார்த்தபோது, என் நாத்தனார் தன் மகனுக்குத் தீர்த்தம் புகட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே வாந்திபேதி. நாத்தனார் மகன் ஒரே பகலில் போய்விட்டான். தீர்த்தத்தைத் தட்டினதால் ஆத்தாளுக்கு வந்த கோபம் என்று ஊர் என்னைச் சொன்னது. கோபமென்றால் தட்டியவளை அல்லவா அடிக்க வேண்டும்? நான் குத்துக்கல்லாட்டம் நிற்கிறேனே என்று தெருவில் நின்று கத்தினேன்.

என் வீட்டுக்காரர் தண்ணீர் வரும் இடத்தைத் தேடிக் கரையோடே மேலே நடந்து டவுன்வரை போய்வந்தார். டவுன் சாக்கடையை எல்லாம் புதிதாகக் கட்டிய தொட்டிகளில் தேக்கி, கசடு அடியில் தங்கியதும் மேல் தண்ணீரை ஆற்றில் விடுகிறார்களாம். "தெளிஞ்ச தண்ணிதானுங்களே" என்றானாம் அங்கிருந்த காவல்காரன். ஊரில் ஒருவரும் நம்பவில்லை. சாக்கடைத் தண்ணியில் ஆத்தா முளைப்பாரி அப்படி வளருமா என்று கேட்டார்கள்.

காரியம் முடிந்த பிறகு நாத்தனார் எங்கள் வீட்டுக்கு வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நானும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றேன். அவளோ வந்து திண்ணையில் உட்கார்ந்தாள். என் மகளை மடியில் உட்காரவைத்துத் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"நீங்க பண்ணினது சரிதானுங்க நங்கை" என்றாள் கடைசியில். "அப்படியே என் கையவும் ஒரு தட்டுத் தட்டியிருக்கக் கூடாதுங்களா?"